ஸ்பீட்ஸ்டர் ரெப்ளிகாவின் இன்ஜின் அறைக்கு எந்த பீடிங், எங்கே, எப்படி?

கேள்வி இதுதான்: "பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் அடித்தளத்தின் மேல் ஃபைபர் பாடி ஏற்றிய போர்ஷே 356 ஸ்பீட்ஸ்டர் ரெப்ளிகா ஒன்று கைக்கு வந்திருக்கிறது. 1600 சிசி, இரட்டைக் கார்புரேட்டர். பெங்களூர் சில்க் போர்டு ஜாமில் நின்றால் பெட்ரோல் வாடையும் சூடும் உள்ளே வருகின்றன. ஓசூர் ரோட்டில் 80 கி.மீ. வேகத்தில் தொடர்ந்து போனால் ஆயில் 125 டிகிரியைத் தொடுகிறது. முந்தைய ஓனர் இன்ஜினைச் சுற்றி ஒட்டிய கறுப்பு ஃபோம் இளகித் தொங்குகிறது. அதை எடுத்துவிட்டு என்ன ரப்பர் பீடிங் (ஓரத்தை அடைக்கும் பட்டை) போடலாம்?"

என்ன ரப்பர் என்பதற்குக் கடைசியில் வருகிறேன். அந்த ஃபோமை மட்டும் இன்றைக்கே பிய்த்து எடுத்துவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போட வேண்டாம். பீட்டில் இன்ஜின் காரின் பின்னால் இருப்பது. அதன் கூலிங் ஃபேனின் வாய் உங்களைப் பார்த்து இருக்காது. மூடியைத் திறந்தால் தெரிவது புல்லியும் டைனமோவும்தான். ஃபேன் காற்றை இழுக்கும் வட்டத் துவாரம் அந்தப் பக்கம், காரின் முன்புறம் பார்த்து, ஃபயர்வாலுக்கு (இன்ஜின் அறைக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள சுவர்) எதிரே இருக்கிறது. ஃபயர்வாலில் ஒட்டிய ஃபோம் பசை விட்டால் நேராக அந்த வாய்க்குள்தான் போகும். என் வண்டியில் உள்ளங்கை அளவுத் துண்டு ஒன்று அப்படி உள்ளே போய் ஆயில் கூலரின் மேல் படிந்துவிட்டது. இன்ஜினை இறக்கி ஃபேன் ஹவுசிங்கைக் கழற்றியபோது அதோடு ஒரு அணில் கூடும் கிடைத்தது, அது தனிக் கதை. உங்கள் வண்டி பல மாதம் நின்றிருந்தது என்றால் டார்ச் அடித்து அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சரி, இன்ஜினைச் சுற்றி இடைவெளி இல்லாமல் அடைப்பது எதற்கு? பழைய பெட்ரோல் பஜாஜ் சேட்டக் ஓட்டியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த ஸ்கூட்டரில் ஃப்ளைவீலோடு சேர்ந்த ஃபேன் ஒன்று இருக்கும். அது தள்ளும் காற்றை ஒரு தகரக் கவர் ஹெட்டின் (சிலிண்டரின் தலைப்பகுதி) மேல் ஓட்டிவிடும். கவரை மாட்டாமல் ஓட்டினால் ஃபேன் சுற்றும், காற்றும் வரும், ஆனால் ஹெட்டுக்குப் போய்ச் சேராது. பீட்டில் இன்ஜினும் அதே ஜாதிதான், அளவில் பெரியது. வாட்டர் கூலிங் கிடையாது. ஃபேன் மேலே இருந்து காற்றை எடுத்து, ஆயில் கூலர், நான்கு சிலிண்டர்கள், ஹெட்டுகள் எல்லாவற்றின் மேலும் தள்ளி, கீழ்ப்பக்கமாக வெளியே விடுகிறது. கீழே ஏற்கெனவே சைலன்சரும் எக்ஸாஸ்ட் குழாய்களும் இருக்கின்றன. ஆக இன்ஜினைச் சுற்றியுள்ள தகடு ஒரு தளம் மாதிரி. அதற்கு மேலே குளிர்ந்த காற்றின் மாடி, கீழே சூட்டின் மாடி. இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் கீழே தள்ளிய சூடான காற்றையே ஃபேன் மறுபடி இழுத்துத் தள்ளும். கதவைச் சாத்திய அறையில் ஃபேனுக்கு அடியில் பத்துப் பேர் உட்கார்ந்திருப்பது போல. காற்று வீசுகிறது என்றுதான் தோன்றும், வேர்வை மட்டும் அடங்காது.

கம்பெனி பீட்டிலில் இந்தத் தளத்தின் ஓரத்துக்கென்றே ஒரு ரப்பர் உண்டு. பாடியின் தகரத்தில் அதற்கென்று ஒரு பள்ளம், அதில் ரப்பரின் ஒரு பக்கம் செருகியிருக்கும். மறுபக்கத்தில் இரண்டு உதடுகள் இன்ஜின் தகட்டை மேலும் கீழும் கவ்விக்கொள்ளும். ஃபைபர் பாடியில் அந்தப் பள்ளமே இருக்காது. மோல்டிலிருந்து எடுத்து, யாரோ கிரைண்டர் வைத்து வெட்டிய திறப்புதான் உங்களுக்குக் கிடைத்திருக்கும். ஒரு பக்கம் 10 மி.மீ., மறுபக்கம் 40 மி.மீ. இடைவெளி என்றால் ஆச்சரியமே இல்லை. போதாததற்கு 2400 மி.மீ. வீல்பேஸ் கொண்ட பீட்டில் அடித்தளத்தை ஸ்பீட்ஸ்டரின் 2100-க்குக் கொண்டுவர நடுவில் ஏறக்குறைய ஓர் அடி வெட்டி ஒட்டியிருப்பார்கள். அந்த வேலையில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கோணல் வந்திருந்தால், அது பின்னால் இன்ஜின் ஓரத்தில்தான் முதலில் தெரியும்.

உங்கள் கேள்வியில் இரண்டு வியாதிகள் கலந்திருக்கின்றன. ஜாமில் வரும் சூடு வேறு, ஓசூர் ரோட்டில் வரும் சூடு வேறு. ஜாமில் இன்ஜின் ஐடிலில் ஓடுகிறது, ஃபேனும் மெதுவாகத்தான் சுற்றுகிறது. கார் நகரவில்லை, அடியில் காற்றோட்டமும் இல்லை. சைலன்சரைச் சுற்றிய சூடு புகைக்கூண்டில் ஏறுவது போல இடைவெளி கிடைத்த இடத்தில் எல்லாம் மேலே ஏறும். இதற்கு மருந்து அடைப்பு. ஓசூர் ரோட்டில் நடப்பது தலைகீழ். அங்கே ஃபேன் வெறியோடு இழுக்கிறது, மூடியில் உள்ள கிரில்லால் அந்த அளவு காற்றைக் கொடுக்க முடியவில்லை. மேலே கிடைக்காத காற்றை ஃபேன் கீழே உள்ள இடுக்குகள் வழியாக உறிஞ்சிக்கொள்கிறது. இதற்கு ரப்பர் மட்டும் போட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் நான் என் செலவில் தெரிந்துகொண்டேன்.

ஜே.சி. ரோட்டில் மீட்டர் கணக்கில் நல்ல டோர் பீடிங் வாங்கி, இரண்டு வாரம் மெனக்கெட்டு, எறும்பு நுழைய இடம் இல்லாமல் அடைத்தேன். ஜாமில் நிலைமை நன்றாகவே மாறியது. எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறி நான்காவது கிலோமீட்டரில் ஆயில் முள் முன்பு நின்ற இடத்தையும் தாண்டிப் போனது. அடைத்த பிறகு சூடு கூடிவிட்டது! இறங்கியதும் ஓரமாக நிறுத்தி, பின் சீட்டில் கிடந்த செய்தித்தாளைச் சுருட்டி, மூடியின் கீழ் விளிம்பில் செருகி, மூடியைக் கயிற்றால் கட்டினேன். நான்கு விரல் இடைவெளி. அதே வேகத்தில் திரும்பி வந்தேன், 12 டிகிரி இறங்கியிருந்தது. வழியெல்லாம் பைக்காரர்கள் பக்கத்தில் வந்து "சார், டிக்கி திறந்திருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வீட்டுக்கு வந்தால் வாட்ச்மேனும் அதையே சொன்னார்.

இதில் கணக்கு ஒன்றும் பெரிதில்லை. இந்த ஃபேன் 4000 ஆர்.பி.எம். பக்கத்தில் வினாடிக்குச் சுமார் 500 லிட்டர் காற்றைத் தள்ளக்கூடியது. அதாவது அரை கன மீட்டர். கார்புரேட்டர்கள் குடிப்பது இதில் ஒரு சின்ன பங்கு. 1584 சிசி இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை முழுதாக நிரம்புகிறது என்று வைத்தாலும் 4000-ல் வினாடிக்கு 53 லிட்டர்தான். என் கிரில்லின் கம்பிகளுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தை அளந்து பார்த்தேன், ஏறக்குறைய 300 சதுர செ.மீ. வந்தது. அரை கன மீட்டர் காற்று அந்த வழியாக ஒரு வினாடியில் போக வேண்டும் என்றால் வேகம் வினாடிக்கு 16, 17 மீட்டர். மணிக்கு 60 கி.மீ. காற்று! அப்படி இழுத்தால் உள்ளே காற்றழுத்தம் இறங்காமல் என்ன செய்யும்? நிம்மதியாக ஓட 900 சதுர செ.மீ. திறப்பு இருந்தால் நல்லது, முப்பதுக்கு முப்பது. ஒரே கிரில்லில் அவ்வளவு வராது. போர்ஷேவே 1962 மாடலில் இருந்து 356-இன் பின் மூடியில் இரண்டு கிரில் வைத்தது. ஆக, ஸ்பீட்ஸ்டரின் ஒற்றைக் கிரில் அழகுக்கு முன்னால் நாம் போராடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உள்ளே எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும் ஒளி ஊடுருவும் தண்ணீர்க் குழாய் ஒரு மூன்று மீட்டர் போதும். நடுவில் யு வடிவில் வளைத்து, பாதி தண்ணீர் நிரப்பி, ஒரு பலகையில் ஒட்டுங்கள். ஒரு முனையை இன்ஜின் அறைக்குள், ஃபேனிலிருந்து தள்ளி ஒரு மூலையில் விடுங்கள். முனை ஃபேன் பக்கம் போகாதபடி நன்றாகக் கட்டிவையுங்கள். மறுமுனை வெளிக் காற்றில். மூடியைச் சாத்தி, கியர் நியூட்ரலில், ஒருவர் 3000 ஆர்.பி.எம்.மில் பத்து வினாடி வைக்கட்டும். இன்ஜின் பக்கம் தண்ணீர் ஏறும், மறுபக்கம் இறங்கும். இரண்டு மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் இன்ஜின் காற்றுக்குத் தவிக்கும் அளவு. அடைத்து முடித்தபோது எனக்கு 18 மி.மீ. காட்டியது. மூடியைத் திருத்திய பிறகு 5. இந்த வேலைக்கு மட்டும் ஊதுபத்தி, கொசுவர்த்திப் புகை எதுவும் வேண்டாம். பெட்ரோல் வாடை வரும் அறை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

திருத்துவது எப்படி? மூடியின் கீழ் விளிம்பைத் தூக்கிவைப்பது எளிது, செய்தித்தாள் சோதனைக்கு அது போதும், ஆனால் நிரந்தரமாக எனக்குப் பிடிக்காது. எக்ஸாஸ்ட் வாய்க்கு நேர் மேலே திறப்பு வைத்த மாதிரி ஆகும், ஜாமில் அந்தப் புகையும் சூடும் உள்ளேதான் வரும். கீல் இருக்கும் மேல் பக்கத்தில் வாஷர்களோ சின்ன அலுமினியக் கட்டைகளோ வைத்து 15, 20 மி.மீ. உயர்த்தினால் அகலம் முழுக்க ஒரு நீண்ட வாய் கிடைக்கும், பார்வைக்கும் பெரிதாகத் தெரியாது. மூடியில் லூவர் (காற்று நுழையும் சாய்வான பிளவுகள்) வெட்டுவது இன்னொரு வழி. ஃபைபரில் வெட்டினால் பின்புறம் ஒரு அடுக்கு ஃபைபர் மேட் ஒட்டி ரெசின் பூசிவிடுங்கள், இல்லாவிட்டால் மூலைகளில் முடி போல விரிசல் ஓடும். மேல் பக்கம் திறந்தால் பெங்களூரின் சாயங்கால மழை நேராக டிஸ்ட்ரிபியூட்டர் மேல் கொட்டும். அதனால் உள்ளே சாய்வாக ஒரு தகரத் தட்டு, ஓரத்தில் ஒரு வடிகுழாய். சிலர் ஃபயர்வாலையே துளைத்து கேபின் பக்கமிருந்து காற்று எடுக்கிறார்கள். அது வேண்டவே வேண்டாம். இன்ஜின் அறைக்கும் நீங்கள் உட்காரும் இடத்துக்கும் நடுவே ஊசி நுழையும் ஓட்டை கூட இருக்கக் கூடாது. பெட்ரோல் வாடை மூக்குக்குத் தெரியும், கார்பன் மோனாக்ஸைடு தெரியாது. உங்களுக்கு வாடை உள்ளே வருகிறது என்றால் முதலில் அந்தச் சுவரில், கேபிள்களும் வயர்களும் நுழையும் இடங்களைப் பாருங்கள்.

இப்போது ஓட்டைகளுக்கு வருவோம். இரவில், கார் பார்க்கிங்கில் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, சூடாகாத எல்.இ.டி. விளக்கு ஒன்றை இன்ஜின் அறைக்குள் வைத்து மூடியைச் சாத்துங்கள். பாய் விரித்து வண்டிக்கு அடியில் படுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போக வேண்டாம், ஸ்டாண்டு வையுங்கள். வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் சூடு ஏறும் இடம். ஓரத்தைச் சுற்றி மெல்லிய கோடாகத் தெரியும் என்று எதிர்பார்த்துத்தான் நான் படுத்தேன். பார்த்தால் பின்பக்கத் தகட்டில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு முழு நிலா! ஒற்றைக் கார்புரேட்டர் காலத்தில் இன்டேக் மேனிஃபோல்டைச் சூடாக்க எக்ஸாஸ்டிலிருந்து மெல்லிய குழாய் போகும், அதற்கான துவாரங்கள் அவை. இரட்டைக் கார்புரேட்டர் போட்டபோது குழாயை எடுத்துவிட்டார்கள், துவாரத்தை மூட ஒருவருக்கும் தோன்றவில்லை. சைலன்சருக்கு நேர் மேலே அந்த இரண்டு ஓட்டையும் எத்தனை வருஷமாக அடுப்புப் போல ஊதிக்கொண்டிருந்தனவோ. உங்களுக்கும் இரட்டைக் கார்புரேட்டர் என்பதால் முதல் சந்தேகம் எனக்கு அங்கேதான். ஒரு சின்னத் தகரத் துண்டு, இரண்டு ஸ்க்ரூ, வேலை முடிந்தது.

அடுத்து ஃபேன் ஹவுசிங்கில் இருக்கும் இரண்டு ஹோஸ் வாய்கள். ஹீட்டர் பெட்டிகளுக்குக் காற்று கொடுக்க வைத்தவை. பெங்களூரில் ஹீட்டர் யாருக்கு வேண்டும் என்று பெட்டிகளைக் கழற்றி வெறும் குழாய் போட்டிருந்தால், இந்த வாய்கள் இரண்டும் சிலிண்டருக்குப் போக வேண்டிய காற்றை வீணாக வெளியே துப்பிக்கொண்டிருக்கும். மூடியாக வேண்டும். ஸ்பார்க் பிளக் வயர் தகட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு ரப்பர் வட்டு இருக்க வேண்டும், நான்கில் குறைந்தது இரண்டு காய்ந்து உடைந்திருக்கும். ஹெட்டைத் தொட்டுச் சூடான காற்று அழுத்தத்தோடு அந்த வழியாக மேல் அறைக்கே திரும்புகிறது. ஆக்ஸிலரேட்டர் கேபிள், பெட்ரோல் குழாய், வயர்கள் எல்லாவற்றுக்கும் கிராமெட் (துளையை அடைக்கும் ரப்பர் வளையம்) வேண்டும். கீழே சிலிண்டர்களுக்கு நடுவே காற்றைத் திருப்பிவிடும் சின்னத் தகடுகள் உண்டு. இன்ஜின் ரீபில்ட் செய்த இடத்தில் "இது எதுக்கு சார்" என்று தூக்கிப் போட்டிருப்பார்கள். அவை இல்லாமல் மேலே எவ்வளவு அடைத்தும் பிரயோஜனம் குறைவு. தெர்மோஸ்டாட் இருந்தால் இருக்கட்டும், அது கெட்டால் கூலிங் காற்றை மட்டுப்படுத்தும் ஃபிளாப்புகள் திறந்த நிலைக்கே போகும், சூடேற்றாது.

இப்போதுதான் ஓரம். இங்கே ஒன்றை மறக்கக் கூடாது: இன்ஜின் அசையும். கியர்பாக்ஸோடு சேர்ந்து ரப்பர் மவுண்ட்டில் தொங்குகிற இன்ஜின் அது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு பக்கம் சாய்கிறது, பள்ளத்தில் விழுந்தால் துள்ளுகிறது. நம் ஊர் ஸ்பீடு பிரேக்கர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் தகட்டையும் பாடியையும் ஸ்க்ரூ போட்டோ ரெசின் போட்டோ ஒன்றாக்கக் கூடாது. சுற்றிலும் 15 மி.மீ. வெற்றிடம் விட்டு, அதை வளையக்கூடிய ஒன்றால் மூட வேண்டும்.

நான் செய்தது இப்படி. கல்யாணப் பத்திரிகைகளின் கெட்டி அட்டையைத் துண்டு துண்டாக ஒட்டி, இன்ஜின் தகட்டின் ஓரத்துக்கு டெம்ப்ளேட் எடுத்தேன். அதே வளைவில் 1.5 மி.மீ. அலுமினியத் தகட்டில் எல் வடிவ விளிம்பு வெட்டி வளைத்தேன். முழு வளையமாகச் செய்யாமல் ஐந்து துண்டு. அதைப் பாடியின் உள்பக்கம், இன்ஜின் தகட்டின் மட்டத்தைவிடச் சுமார் 5 மி.மீ. தாழ்வாகப் பொருத்த வேண்டும். விண்ட்ஷீல்டு ஒட்டும் பி.யூ. (பாலியூரிதேன்) சீலன்ட் ஒரு கோடு போட்டு, மேலே ரிவெட். ஃபைபரின் பக்கம் ஒவ்வொரு ரிவெட்டுக்கும் ஒரு வாஷர் வையுங்கள், இல்லாவிட்டால் ஆறே மாதத்தில் துளை பெரிதாகி ஆடும்.

ஏன் தாழ்வாக? மேல் அறையில் அழுத்தம் குறைவு, கீழே அதிகம். காற்று எப்போதும் கீழிருந்து மேலே வரத்தான் பார்க்கும். ரப்பர்ப் பட்டையைத் தகட்டின் மேல் படியும்படி வைத்தால் அந்தக் காற்று அதைத் தூக்கிவிட்டு உள்ளே வரும். தகட்டின் அடியில் போய் ஒட்டும்படி வைத்தால், ஃபேன் எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு இறுக்கமாக அதே இழுவை ரப்பரைத் தகட்டோடு அழுத்தும். சைக்கிள் பம்பின் வாஷர் வேலை செய்வது போல. இந்த ஒரு மாற்றத்தைச் செய்யாமல்தான் நானும் முதல் தடவை மேலே ஒட்டி, பீடிங் படபடவென்று அடிக்கும் சத்தத்தை ஒரு மாதம் டேப்பெட் (வால்வைத் தள்ளும் பாகம்) சத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டேப்பெட்டை இரண்டு முறை வேறு செட் பண்ணினேன்!

இனி ரப்பர். கடையில் "கார் பீடிங் கொடுங்க" என்றால் கொடுப்பது பெரும்பாலும் இ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர். வெயில், மழை, சூடு எல்லாம் தாங்கும். கதவுக்கு அருமையான பொருள். ஆனால் பெட்ரோலும் ஆயிலும் பட்டால் ஊதிப் போய்விடும். பழைய பீட்டில் இன்ஜினில் ஆயில் படாத ஓரம் என்று ஒன்று கிடையாது. நைட்ரைல் ரப்பருக்கு ஆயில் பயம் இல்லை, 100 டிகிரி வரை தாங்கும், ஓரத்தின் பெரும்பகுதிக்கு அது சரி. துணி வைத்து அழுத்திய இன்சர்ஷன் ரப்பர் ஷீட் 3 மி.மீ. கனத்தில் கிடைக்கும். அது நைட்ரைல் வகைதானா என்று கேட்டு வாங்கி, 50 மி.மீ. பட்டைகளாக வெட்டினால் கிழியாது, தொங்காது. சந்தேகம் இருந்தால் ஒரு துண்டை மூடிய பாட்டிலில் பெட்ரோலில் ஒரு ராத்திரி ஊறப்போட்டுக் காலையில் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். நான் முதலில் வாங்கிய பீடிங் துண்டு காலையில் கட்டைவிரல் கனத்துக்கு உப்பியிருந்தது. பின்பக்கம், சைலன்சருக்கு மூன்று நான்கு செ.மீ. தூரத்தில் வரும் ஓரத்துக்கு மட்டும் சிலிக்கோன். 200 டிகிரி தாங்கும். அது கிழிவதற்கும் பெட்ரோலுக்கும் பலவீனம், அதனால் முழுக்கச் சிலிக்கோன் என்று ஆசைப்பட வேண்டாம். அந்த இடத்தில் ஃபைபர் பாடிக்கும் சைலன்சருக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்பும் போடுங்கள். பாலியெஸ்டர் ரெசின் நூறு டிகிரிக்கு முன்னாலேயே இளக ஆரம்பிக்கும். பெயின்ட்டில் கொப்புளம் கண்டால் அதுதான் காரணம்.

ஃபயர்வால் பக்கத்து ஓரம்தான் தலைவலி. இன்ஜின் உள்ளே இருக்கும்போது கை போகாது. எப்போதாவது கிளட்ச் வேலைக்கு இன்ஜின் இறங்கும்போது அதைச் செய்துவிடுங்கள். இப்போது மற்ற மூன்று பக்கமும் செய்தாலே வித்தியாசம் தெரியும், ஆனால் அதை விட்டுவிடவும் முடியாது. இடது முன் மூலையில் இருப்பது மூன்றாவது சிலிண்டர். பழைய மாடல் ஃபேன் ஹவுசிங்காக இருந்தால் ஆயில் கூலர் அதன் மேலேயே நின்று காற்றை மறைக்கும், எப்போதும் அதுதான் அதிகம் வேகும், எக்ஸாஸ்ட் வால்வு முதலில் போவதும் அங்கேதான். 1971 மாடலிலிருந்து வந்த, பின்னால் (ஃபயர்வால் பக்கம்) ஆயில் கூலருக்குத் தனிக் கூடு வைத்த ஹவுசிங் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். பட்டைகளை ரிவெட் செய்யாமல் சின்ன போல்ட் போட்டு வையுங்கள். இந்த இன்ஜின் கீழ்வழியாகத்தான் இறங்கும், அப்போது கழற்ற வேண்டியிருக்கும்.

பெட்ரோல் விஷயத்தைத் தள்ளிப்போட வேண்டாம். வாடை வருகிறது என்றால் அடைப்பு வேலைக்கு முன்னால் ஹோஸ் மாற்றும் வேலை. இன்றைக்கு பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். பழைய துணி சுற்றிய ஹோஸ் அதில் சீக்கிரம் வெடிப்பு விடும். ஈ20-க்குப் பொருந்தும் என்று மேலேயே அச்சடித்த ஹோஸ் வாங்குங்கள், நல்ல கிளிப்பும் கூட. பெட்ரோல் ஃபில்டர் டிஸ்ட்ரிபியூட்டருக்கு மேலே தொங்கினால் அதை எடுத்து கியர்பாக்ஸ் பக்கம், இன்ஜின் அறைக்கு வெளியே மாற்றுங்கள். இந்த இன்ஜினின் கிராங்க்கேஸ் மெக்னீசியம் கலவை. அது பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது, தண்ணீரே அதை இன்னும் கொழுந்துவிட வைக்கும். சீட்டுக்கு அருகே ஒரு தீயணைப்பான் இருக்கட்டும், அது ஹோஸ் எரியும் கட்டத்திலேயே அணைப்பதற்கு.

பல பேர் இதற்கெல்லாம் முன்னால் இன்னொரு ஆயில் கூலர் வாங்கி மாட்டுகிறார்கள், அதையும் இன்ஜின் அறைக்குள்ளேயே. சூடான அறையில் சூட்டைக் கொட்டும் இன்னொரு அடுப்பு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

வேலை முடிந்ததா இல்லையா என்பதை ஆயில் முள்ளை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். வயர் நீண்ட ஒரு சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரின் நுனியை இன்ஜின் அறையின் மேல் பகுதியில் கட்டி, டிஸ்ப்ளேயை டாஷ்போர்டில் ஒட்டுங்கள். ஓடும்போது அறைக்குள் இருக்கும் காற்று வெளிக் காற்றைவிட 10 டிகிரிக்குள் கூடுதலாக இருந்தால் நன்றாக அடைத்திருக்கிறீர்கள். எனக்கு ஃபோம் காலத்தில் 30-க்கும் மேல் இருந்தது. ஆயில் 110-க்குள் நின்றால் கவலை இல்லை, 120 தாண்டினால் நிறுத்திப் பார்க்க வேண்டும். பெங்களூரில் மட்டும் ஓட்டி முடிவுக்கு வராதீர்கள். 920 மீட்டர் உயரத்தில் காற்று எட்டு ஒன்பது சதவீதம் லேசுதான், ஆனால் ஊரின் குளிர்ச்சி அதை மறைத்துவிடும். ஏப்ரலில் ஒருமுறை கிருஷ்ணகிரி, வேலூர் வரை போய், மத்தியானமாகத் திரும்புங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூர் வரை ஏறும் ஏற்றம்தான் உண்மையான பரீட்சை. அங்கேயும் முள் 110-ல் நின்றால் கேரேஜைப் பூட்டிவிட்டுத் தூங்கலாம். நிற்காவிட்டால் இனி அடைப்பைத் தொட வேண்டாம், இக்னிஷன் டைமிங்கையும் கார்புரேட்டர் ஜெட்டையும் பாருங்கள். பெட்ரோல்-காற்றுக் கலவை லீனாக (பெட்ரோல் குறைவாக) இருந்தால் எந்த ரப்பரும் காப்பாற்றாது.

ஒரு இடைச்செருகல். மூடியில் லூவர் வெட்டுவதோ மேல் பக்கம் தூக்குவதோ சின்ன வேலை. ஆனால் உங்கள் ஆர்.சி. புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டியை மாற்றியமைப்பது பற்றிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவும், 2019-இல் உச்ச நீதிமன்றம் அதைப் பற்றிச் சொன்னதும், பீட்டில் என்று பதிவான வண்டிக்கு வேறு பாடி ஏற்றியவர்களுக்குச் சாதகமாக இல்லை. அதை ஆர்.டி.ஓ. விவரம் தெரிந்த வக்கீலிடம் கேளுங்கள்.

உங்கள் கிரில்லின் வெற்றிடத்தை ஸ்கேல் வைத்து அளந்து, இரவு விளக்குச் சோதனையில் எங்கெங்கே வெளிச்சம் தெரிந்தது என்பதையும் எழுதுங்கள். ஃபேன் ஹவுசிங் பழையதா, பின்கூடு வைத்ததா என்பதும் வேண்டும். அதைப் பார்த்த பிறகு மூடியை எவ்வளவு தூக்கலாம் என்று சொல்கிறேன்.